அரண்மனைக்குள் நுழைந்த கிதார்

டொமினிகோ ஸ்கார்லாட்டியின் கே. 141 என்ற சொனாட்டாவை முதலில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நாலைந்து நிமிடம்தான். பியானோவுக்கு முந்தைய, தந்திகளைச் சுண்டி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் வாசித்த பதிவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மார்த்தா ஆர்கெரிச் பியானோவில் வாசித்ததே போதும். கச்சேரி முடிந்தும் கைதட்டல் அடங்காதபோது அவர் எடுத்து விடுகிற உருப்படி அது. வலது கை ஒரே சுரத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டே போகும். இடது கையில் கொத்துக் கொத்தாகச் சுரங்கள் விழும். கொஞ்சம் காது கொடுத்தால் அந்தக் கொத்துகள் சுத்தமாக இல்லை என்பது தெரியும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் சேர்ந்து ஒலித்து ஒன்றோடொன்று உரசும். வாசிப்பவர் விரல் தவறி ஒரு கட்டையைக் கூடுதலாக அழுத்திவிட்டாரோ என்றுகூடத் தோன்றும்.

தவறவில்லை, எழுதியிருப்பதே அப்படித்தான். கிதாரில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கொத்தை, பிடித்துக்கொண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் இழுத்துப் பாருங்கள். விரல் படாத தந்திகளும் சேர்ந்து அதிரும். அவற்றில் ஒன்றிரண்டு அந்தக் கார்டோடு ஒட்டாமல் உரசிக்கொண்டு நிற்கும். ஹார்ப்சிகார்டில் கேட்பது கிட்டத்தட்ட அதே உரசல். படபடக்கும் ஒற்றைச் சுரமும் கிதார்க்காரர் ஒரே தந்தியில் விரல்களை மாற்றி மாற்றித் தட்டுவதைத்தான் நினைவுபடுத்துகிறது. பின்னாளில் ஸ்பெயினின் ராணியான ஒரு பெண்ணிடம் வேலை பார்த்தவர் எழுதிய இசை இது. அதில் தெருக் கிதார் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

1670களிலிருந்து 1830கள் வரையிலான ஸ்பானியச் செவ்வியல் இசையைக் கேட்க இதைவிட நல்ல பிடி எனக்குத் தெரியாது. ஆர்கனோ, ஹார்ப்சிகார்டோ, செல்லோவோ, எதில் வாசித்தாலும் சரி, அதற்குள் கிதார் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். எப்போதும் கிடைக்காது. கிடைக்கும்போது அந்த இசை சட்டென்று பிடிபட்டுவிடும்.

இதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால், மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கு வழிகாட்டும் நூல்கள் பெரும்பாலும் இத்தாலியில் தொடங்கி ஜெர்மனிக்குப் போய் வியன்னாவில் உட்கார்ந்துவிடும். ஸ்பெயின் வழியில் தவறிப்போகும். நான் முதன்முதலில் வாங்கிய ‘ஸ்பானிய இசை’த் தொகுப்பில் பாதி பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது. 1875இல் வந்த ‘கார்மென்’ ஓபராவை எழுதிய பிசே பாரிஸ்காரர். மீதிப் பாதி அல்பேனிஸ், கிரனாடோஸ், ஃபாயா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் எழுதியவர்களுடையது. அவர்களுக்கு முன்னால் ஸ்பெயினில் என்னதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தொகுப்பில் பதில் இல்லை.

நிறையவே வாசித்தார்கள். ஆனால் அங்கே இசை அச்சாவது குறைவு. கையெழுத்துப் பிரதிகளாகவே தேவாலயங்களிலும் அரண்மனையிலும் கிடந்தது. 1734ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு மாட்ரிட்டின் பழைய அரண்மனை அல்காசர் தீப்பிடித்தது. வெலாஸ்க்வெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அரச தேவாலயத்தின் இசைச் சுவடிகள் எரிந்துபோயின.

ஐந்து சோடித் தந்திகள்

சரி, அந்தக் கிதார் எப்படிப்பட்டது? இன்று கடையில் தொங்கும் ஆறு தந்திக் கிதார் இல்லை. பரோக் காலக் கிதார் சிறியது, இடை ஒடுங்கியது, குரல் மெலிந்தது. தந்திகளைச் சோடி சோடியாகக் கட்டுவார்கள். மொத்தம் ஐந்து வரிசை. தந்திகள் ஆட்டுக் குடலில் திரித்தவை. கழுத்தில் இருக்கும் மெட்டுகளும் குடல் நரம்பைச் சுற்றி முடிச்சுப் போட்டவைதான். கீழ்ச்சுரத் தந்திகளைச் சில ஊர்களில் மேல் ஸ்தாயியிலேயே கட்டிவிடுவார்கள். அதனால் ஒலியில் அடித்தளம் குறைவு, மினுமினுப்பு அதிகம். வீசி வாசிக்கும்போது கைநிறைய சில்லறையைக் குலுக்கியது போல இருக்கும்.

வாசிக்கும் முறை இரண்டு. ஒன்று ராஸ்கேயாடோ: விரல்களை விசிறி போல் விரித்து எல்லாத் தந்திகளையும் வீசுவது. மற்றது புன்டேயாடோ: ஒவ்வொரு தந்தியாக மீட்டுவது. முதலாவது நடனக்காரர்களுக்கும் குடிக்கடைக்கும் உரியது. இரண்டாவது கொஞ்சம் ‘கௌரவமானது’, லூட் என்ற வாத்தியத்திலிருந்து வந்த பழக்கம். இரண்டையும் ஒரே உருப்படியில் கலந்து வாசிப்பதுதான் ஸ்பானியக் கைவண்ணம்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போல எழுதிவைத்தவர் காஸ்பர் சான்ஸ். அரகோன் பகுதியில் கலாந்தா என்ற சிற்றூரில் பிறந்தவர். இத்தாலி போய் இசை படித்துத் திரும்பியவர். 1674இல் சரகோசாவில் அவருடைய கிதார்ப் பாடநூல் அச்சானது. அதில் வரும் ‘கனாரியோஸ்’ என்ற சிறு நடனம்தான் உங்கள் இரண்டாவது உருப்படி. பெயர் காட்டுவது போல கேனரித் தீவுகளின் நடனத்திலிருந்து வந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதில் தாளத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஆறு சிறு எண்ணிக்கை. முதல் வட்டம் ‘தகிட தகிட’ என்று இரண்டு மூன்றாகப் போகும். அடுத்த வட்டம் அதே ஆறைத் ‘தக தக தக’ என்று மூன்று இரண்டாக உடைக்கும். மறுபடி தகிட தகிட, மறுபடி தக தக தக. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கால் தானாக ஆடும். மேற்கத்திய இசையில் இதற்கு ஹெமியோலா என்று பெயர். மற்ற நாட்டு இசையில் இதைப் பெரும்பாலும் ஒரு பகுதி முடியும் இடத்தில் மட்டும் அலங்காரமாகப் போடுவார்கள். ஸ்பானியர்களுக்கோ அது அன்றாடச் சோறு. கே. 141ஐக் கேட்ட காதோடு இதைக் கேட்டால் இரண்டும் ஒரே ஊர் என்பது புரியும்.

சான்ஸின் மெட்டுகளை வேறு உருவத்தில் நீங்கள் முன்பே கேட்டிருக்கவும் கூடும். ஹோவாகின் ரோட்ரிகோ 1954இல் கிதாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய ‘ஒரு கனவானுக்கான ஃபேன்டசி’ சான்ஸின் மெட்டுகளால் கட்டியது. அது பெரிய சாப்பாட்டு இலை. மூலம் ஒரு கைப்பிடி பொரி. எனக்குப் பொரிதான் பிடிக்கும்.

சான்ஸ் காலத்து நடனங்கள் பலவற்றுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. நாலைந்து கார்டுகள் கொண்ட ஒரு வரிசை சுற்றிச் சுற்றி வரும். மேலே வாசிப்பவர் இஷ்டத்துக்கு வேலைப்பாடு செய்துகொண்டே போவார். ஃபோலியா, பசகாயே, சகோனா எல்லாம் அப்படித்தான். ஃபோலியாவின் கார்டு வரிசை ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. இத்தாலியின் கொரெல்லி 1700இல் வயலினுக்கு எடுத்தார். அவர் வழியாக அது 1931இல் ராக்மனினோஃபின் பியானோ வரை போனது. சரபாந்தா என்ற நடனத்துக்கு இன்னும் வேடிக்கையான கதை. அதை ஆபாச ஆட்டம் என்று சொல்லி 1583இல் ஸ்பெயினில் தடை செய்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்குள் அதுவே ஜெர்மனியில் பாக் கையில் மெதுவான, தலை குனிந்து நடக்கிற சாராபாந்தாக ஆகிவிட்டது. அவருடைய செல்லோ சூட்களில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோமே, அந்த நடனத்தின் பாட்டி இவள்தான்.

ஃபோலியாவுக்கு ஜோர்தி சவாலும் அவருடைய எஸ்பெரியோன் குழுவும் பதிவு செய்தவற்றைத் தேடுங்கள். விரலில் மாட்டித் தட்டும் காஸ்டனெட், பறை, யாழ் எல்லாம் சேர்ந்து வரும். சான்ஸுக்கு ஹாப்கின்சன் ஸ்மித்தின் பரோக் கிதார்ப் பதிவு போதும்.

பாட்டைப் பற்றியும் ஒரு வரி. அரசரின் வேட்டை மாளிகை ஒன்றைச் சுற்றி முட்புதர் நிறைய இருந்தது. ஸ்பானிய மொழியில் முட்புதர் ‘சர்சா’. மாளிகைக்குப் பெயர் சர்சுவேலா. அங்கே ஆடிய, பேச்சும் பாட்டும் கலந்த நாடகத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த வகை எழுத்தில் முன்னோடியான ஹுவான் ஹிதால்கோ ஒரு யாழ்க் கலைஞர். நாடகாசிரியர் கால்டரோனின் வரிகளுக்கு 1660இல் அவர் இசையமைத்த ‘செலோஸ்’ ஓபராவில் பாடகர்களுக்குப் பின்னால் யாழும் கிதாரும் பக்கவாத்தியமாக நடக்கும். இத்தாலிய ஓபராவில் ஹார்ப்சிகார்டு செய்யும் வேலை. முழு ஓபராவும் ஆரம்பத்தில் வேண்டாம், பொறுமை போய்விடும்.

கிடைக்கொம்பு வைத்த ஆர்கன்

ஆர்கன் என்றால் ஆகாயம் நோக்கி நிற்கும் குழாய்கள் என்றுதான் நினைப்போம். ஸ்பானிய ஆர்கனில் ஒரு வரிசைக் குழாய்கள் படுத்தவாக்கில் சபையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், கோட்டை மதிலில் பீரங்கி நீட்டியது போல. எக்காள ஒலி கொண்ட குழாய்கள் அவை. நேராக முகத்தில் வந்து அறையும். விசைப்பலகையையும் நடுவில் பிரித்து, இடது பாதிக்கு ஒரு குரல், வலது பாதிக்கு வேறு குரல் வைத்துக்கொள்ளலாம். ஒரே பலகையில் ஒரு கை பாட, மறு கை பக்கவாத்தியம் வாசிக்கும்.

1665 முதல் 1712இல் இறக்கும் வரை வலென்சியா பேராலயத்தில் ஆர்கன் வாசித்த ஹுவான் கபானீயஸின் ‘தியென்டோ’ ஒன்றைக் கேட்டால் போதும். தியென்டோ என்றால் தொட்டுப் பார்ப்பது, துழாவுவது. இங்கே கிதாரைத் தேடினால் அகப்படாது. இருந்தாலும் அந்தப் படுத்த எக்காளங்களை ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஸ்கார்லாட்டியிலும் அவை வரும். கே. 96இல் அச்சு அசலாக.

555

ஸ்கார்லாட்டி ஸ்பானியர் இல்லை. நேப்பிள்ஸில் 1685இல் பிறந்தவர். பாக், ஹாண்டல் பிறந்த அதே வருடம். ஓபரா உலகில் பெரிய பெயரெடுத்த அலெசாண்ட்ரோ ஸ்கார்லாட்டியின் மகன். அப்பாவின் நிழலில் முப்பது வயதைத் தாண்டிவிட்டார். பிறகு லிஸ்பனில் போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியர் வேலை. 1729இல் அந்தப் பெண் ஸ்பானியப் பட்டத்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டபோது ஆசிரியரும் கூடவே போனார். முதலில் செவில்லா, 1733 முதல் மாட்ரிட். 1757இல் அங்கேயே இறந்தார். முதல் நான்கு வருடம் செவில்லா என்பது முக்கியம். ஆந்தலூசியாவின் தெருக்களில், நாற்பத்துநாலு வயதில், ஒரு நேப்பிள்ஸ்காரரின் காதுகளில் என்ன விழுந்திருக்கும் என்று சொனாட்டாக்களே சொல்கின்றன.

மொத்தம் 555. ஸ்கார்லாட்டி கைப்பட எழுதிய பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இருப்பவற்றில் பெரும்பகுதி ராணிக்காகப் படியெடுத்த தொகுதிகள். ராணி இறந்ததும் அவை ஃபரினெல்லி என்ற பாடகருக்குப் போயின. அவர் கதை தனிக் கதை: மனச்சோர்வில் கிடந்த ஐந்தாம் ஃபெலிப்பே அரசருக்கு இரவுதோறும் பாட 1737இல் வரவழைக்கப்பட்டு, இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். தொகுதிகள் அவரோடு இத்தாலி போய் இப்போது வெனிஸ் நூலகத்தில் இருக்கின்றன.

‘கே’ என்ற எழுத்து ரால்ஃப் கிர்க்பாட்ரிக்கைக் குறிக்கிறது. 1953இல் இந்த எண் வரிசையைப் போட்டவர் அவர். பின்னால் வரப்போகும் பொக்கெரினிக்கு ‘ஜி’ என்று வரும், அது ஜெரார் போட்ட பட்டியல். ‘ஓபஸ்’ என்பது இசையமைத்தவரோ பதிப்பாளரோ அச்சுக்குக் கொடுத்த வரிசை. தேடும்போது பெயரை விட எண்தான் கைகொடுக்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் பெயர் ‘சொனாட்டா’தான்.

இந்தச் சொனாட்டா பீத்தோவனின் நான்கு பகுதிச் சொனாட்டா இல்லை. ஒரே பகுதி, இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியையும் இருமுறை வாசிப்பார்கள். முதல் பாதி வீட்டிலிருந்து கிளம்பி வேறொரு ஊரில் போய் நிற்கும். இரண்டாம் பாதி அங்கிருந்து புறப்பட்டு, வழி தவறி, முன்பின் தெரியாத சந்துகளில் சுற்றிவிட்டு வீடு வந்து சேரும். இரண்டு பாதிகளின் கடைசித் துண்டும் ஒரே மெட்டு, சுருதி மட்டும் வேறு. ஆகவே கேட்கிறவருக்கு வேலை சுலபம்: முதல் பாதியின் கடைசி மெட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டாம் பாதியில் அது எப்போது திரும்பி வருகிறது என்று பாருங்கள். நடுவில் இருக்கும் சுற்றல்தான் ஸ்கார்லாட்டி. கார்டுகள் உரசுவதும் மெட்டு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நச்சரிப்பதும் திடீரென்று நின்று ஒரு மௌனம் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்றும் காதில் படும். ஒரு கார்டு வரிசை லா, சோல், ஃபா, மி என்று நாலு படி இறங்கி, மி-யில் வந்து நின்றுவிடும். மேற்கத்திய இசை பழகியவர்களுக்கு அது பாதி வழியில் நின்றது போல இருக்கும். ஸ்பானியக் காதுக்கு அதுவே வீடு. ஃப்ளமென்கோவில் இன்றும் இதே நாலு படிதான். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடங்களில் வகுளாபரணத்தின் சுரங்கள் தட்டுப்படும். ராகம் என்று சொல்ல மாட்டேன், கமகம் இல்லாத வெறும் படிக்கட்டு அது. ஆனாலும் கீழே இறங்கும்போது அந்த ‘ரி’யின் ஒட்டுதல் நமக்கு அந்நியமாக இருக்காது.

எனக்கும் ஒருகாலத்தில் வீம்பு வந்து, ஹார்ப்சிகார்டுக் கலைஞர் ஸ்காட் ராஸ் 1980களில் பதிவு செய்த முழுத் தொகுப்பை கே. 1இல் தொடங்கி வரிசையாகக் கேட்டேன். அறுபதைத் தாண்டவில்லை. அப்படிக் கேட்கக் கூடாது. ஒரு வேளைக்கு மூன்று போதும். முதலில் கே. 380. நடுவில் தூரத்து ஊர்வலம் ஒன்று எக்காளத்தோடு தெருவைக் கடந்து போகும். பிறகு கே. 119, கார்டுகளில் சுரங்களை அள்ளி அள்ளிப் போட்டிருக்கும். ஒரு கட்டத்தில் விரல்களால் இல்லை, உள்ளங்கையால் அடிக்கிறாரோ என்று சந்தேகம் வரும். அப்புறம் கே. 208. அது மெதுவானது. இடது கை நடை மாறாமல் தாளம் போட, வலது கை தனிமையில் பாடும் குரல் போல இழுத்து இழுத்துப் போகும். கிதார்க்காரர்கள் பலர் இதைத் தங்கள் வாத்தியத்துக்கு மாற்றி வாசிப்பதில் ஆச்சரியமே இல்லை. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது போலத்தான்.

1738இல் லண்டனில் அச்சான முப்பது சொனாட்டாக்களின் முன்னுரையில், இதில் ஆழ்ந்த புலமையைத் தேடாதீர்கள், கலையோடு ஆடிய விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஸ்கார்லாட்டி எழுதியிருக்கிறார். தன்னடக்கமாகவும் இருக்கலாம், நக்கலாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ இரண்டாவது.

முடியாத ஃபான்டாங்கோ

மாட்ரிட்டுக்கு வடமேற்கே எல் எஸ்கோரியால் என்று அரண்மனையும் மடமும் கல்லறையும் ஒன்றாகச் சேர்ந்த மாபெரும் கட்டடம். 1752 முதல் 1783இல் இறக்கும் வரை அங்கே துறவியாக இருந்தவர் அந்தோனியோ சோலேர். கத்தலோனியாக்காரர். இளவரசர் காப்ரியேலுக்கு ஆசிரியர். குருவும் சீடனும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்க இரண்டு ஆர்கன்களுக்கு ஆறு கச்சேரி உருப்படிகள் எழுதினார். சந்தோஷமான இசை; இரண்டு ஆர்கன்களும் வம்பளப்பது போல இருக்கும்.

ஆனால் சோலேர் என்றதும் எல்லோரும் சொல்வது ‘ஃபான்டாங்கோ’வைத்தான். உண்மையில் அதை அவர்தான் எழுதினாரா என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. யார் எழுதினால் என்ன, கேளுங்கள். இடது கையில் இரண்டே கார்டு, மாறி மாறி, பத்து நிமிடத்துக்கும் மேலாக. வலது கையில் சாமியாடல். துறவியின் மேசையிலிருந்து இப்படி ஒன்று வந்திருந்தால், அந்த மடத்தின் மதிலைத் தாண்டி ஊர்ச் சத்தம் நன்றாகவே கேட்டிருக்கிறது. ஃபான்டாங்கோ ஆணும் பெண்ணும் நெருங்கி நெருங்கி விலகும் நடனம். இசையும் அப்படித்தான், தீர்ந்துவிடும் என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் தீராமல் மறுபடி கிளம்பும். கடைசியில் நின்றுவிடும், முடியாது. ரஃபாயேல் புயானாவின் ஹார்ப்சிகார்டுப் பதிவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

செல்லோவை மடியில் படுக்கவைத்தவர்

லூயிஜி பொக்கெரினியும் இத்தாலியர், லூக்கா ஊர்க்காரர், செல்லோ வித்வான். 1768இல் ஸ்பெயின் வந்து, அரசரின் தம்பி தோன் லூயிஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1776இல் தம்பி தகுதிக்குக் குறைந்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்டதால் தலைநகரை விட்டு விலகியிருக்க வேண்டியதாயிற்று. எசமானரோடு பொக்கெரினியும் மலையடிவாரத்தில் இருக்கும் அரேனாஸ் தே சான் பெத்ரோ என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே இருந்தபோது, 1780 வாக்கில் எழுதியதுதான் ‘மாட்ரிட் தெருக்களின் இரவிசை’. ஓபஸ் 30, எண் 6.

இரண்டு வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ. ஐந்தே பேர். தொடக்கத்தில் அந்திப் பிரார்த்தனைக்குத் தேவாலய மணி அடிக்கிறது. மணி இல்லை, தந்திகளைச் சுண்டுகிறார்கள். படைவீட்டில் முரசு கேட்கிறது, அதற்கும் முரசு இல்லை. அடுத்தது குருட்டுப் பிச்சைக்காரர்களின் மினுவெட். இங்கே பொக்கெரினி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: செல்லோக்காரர்கள் வாத்தியத்தை முழங்கால்மேல் படுக்கவைத்து, கையின் எல்லா நகங்களாலும் வீசி, கிதார் போல ஒலிக்கச் செய்ய வேண்டும். வில்லைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரிய பெட்டியை மடியில் கிடத்தி, இரண்டு மரியாதைக்குரிய வித்வான்கள் ராஸ்கேயாடோ வீசுகிறார்கள். காணொளியாகப் பார்த்தால் இன்னும் நல்லது, வாசிப்பவர்களின் முகத்தில் சிரிப்பை மறைக்க முடிவதில்லை.

பிறகு ஜெபமாலை, மெதுவாக, தாளக்கட்டு இல்லாத மாதிரி. அப்புறம் தெருவில் உலாத்தும் மாட்ரிட் இளவட்டங்களின் பசகாயே, வயலின் பாட மற்றவர்கள் தந்தி சுண்ட. கடைசியில் ‘ரிட்டிராடா’, ஊரடங்குக் காவற்படை ரோந்து வருகிறது. எங்கோ தூரத்தில், காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் நெருங்கி, ஜன்னலுக்கு நேர் கீழே முழங்கி, மெல்ல அடுத்த தெருவுக்குத் திரும்பித் தேய்ந்துபோகும். மெட்டு ஒன்றேதான், மாறுவது சத்தம் மட்டும். நாம் நகரவில்லை, ஜன்னலில் நின்றுகொண்டிருக்கிறோம். மாட்ரிட்டுக்குப் போக முடியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதியது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்தத் தேய்தல் வேறு மாதிரி இருக்கும்.

இது ஸ்பெயினுக்கு வெளியே உதவாது, கேட்பவர்களுக்குப் புரியாது, வாசிப்பவர்களுக்கும் வராது என்று பொக்கெரினி பதிப்பாளரிடம் சொன்னதாகத் தெரிகிறது. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. இன்று அவர் எழுதியதில் உலகம் அதிகம் கேட்பவற்றில் ஒன்று அது. கணிப்பு தப்பிவிட்டது.

கூடவே, கிதாரும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேரும் அவருடைய கிதார்க் குவின்டெட் ஜி. 448. கிதார் வாசிக்கும் ஒரு மார்க்கீஸுக்காக 1798இல் தன் பழைய உருப்படிகளை மாற்றி எழுதிக்கொடுத்தது. கடைசிப் பகுதி ஃபான்டாங்கோ. காஸ்டனெட்டையும் சேர்த்தே வாசிப்பார்கள். சோலேருக்குப் பிறகு கேளுங்கள். அதே இரண்டு கார்டு, ஆனால் இங்கே எல்லோரும் குளித்து உடைமாற்றி வந்திருப்பார்கள்.

வெளியே போனவர்கள்

இதுவரை பார்த்தவர்களில் இரண்டு பெரியவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அதே காலத்தில் ஸ்பானியர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். வலென்சியாவின் மார்ட்டின் இ சோலேர் வியன்னாவில் 1786இல் போட்ட ‘உனா கோசா ராரா’ என்ற ஓபரா அந்த ஊரையே மயக்கி, அதே வருடம் வந்த மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோ’வைப் பின்னுக்குத் தள்ளியது. மோட்சார்ட் அடுத்த ஆண்டு ‘தோன் ஜொவான்னி’யின் விருந்துக் காட்சியில் அந்த ஓபராவின் மெட்டு ஒன்றை மேடை வாத்தியக்காரர்களை விட்டு வாசிக்கச் செய்தார். மோட்சார்ட்டின் வழியாகத்தான் இன்று பலரும் அதைக் கேட்கிறார்கள்.

பில்பாவோவின் அர்ரியாகாவை அப்படிச் சொல்லி நகர மனம் வரவில்லை. பிறந்தது 1806 ஜனவரி 27, மோட்சார்ட் பிறந்து சரியாக ஐம்பதாவது வருடம், அதே தேதி. அதனால் ‘ஸ்பானிய மோட்சார்ட்’ என்ற பட்டம் வேறு. அந்தப் பையனுக்கு அது சுமைதான். பதின்மூன்று பதினாலு வயதில் ஓபரா எழுதினார். 1821இல் பாரிஸ் இசைக்கல்லூரிக்குப் போனார், சீக்கிரமே அங்கே உதவி ஆசிரியரும் ஆனார். 1824இல் மூன்று ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகள் அச்சாயின. இருபது வயது நிறையப் பத்து நாள் இருக்கும்போது, 1826 ஜனவரி 17, இறந்துபோனார்.

மூன்றாவது குவார்ட்டெட்டின் மெதுவான பகுதியைக் கேளுங்கள். மேய்ச்சல் நிலம் ஒன்று அமைதியாக விரியும், பிறகு நான்கு வாத்தியமும் நடுநடுங்கி ஒரு புயல் வந்து போகும். அதில் கிதாரும் இல்லை, தெருவும் இல்லை. வியன்னாவின் மொழியைச் சுத்தமாகப் பேசுகிறது. ஸ்பானிய வாசனை வேண்டும் என்று தேடிப்போகிறவர்கள் இவரிடம் ஏமாறுவார்கள். அது அவர் குற்றம் இல்லை. பதின்வயதுப் பையன் பாரிஸில் தன் காலத்து இசையை எழுதினான், அவ்வளவுதான். டி-யில் அமைந்த சிம்ஃபனியும் உண்டு. அது மேஜரா மைனரா என்று கடைசிவரை முடிவுக்கு வராமல் தத்தளிப்பது நன்றாக இருக்கும்.

ஃபெர்னாந்தோ சோர் 1778இல் பார்சலோனாவில் பிறந்து, மொன்செராட் மடத்துப் பள்ளியில் பாடிப் படித்தவர். நெப்போலியன் படையெடுத்து வந்து தன் அண்ணனை ஸ்பெயினின் அரசராக்கிய காலத்தில் அந்த ஆட்சியின்கீழ் ஒரு பதவியை ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதும் இவரைப் போன்றவர்களுக்கு ஊரில் இடம் இல்லை. 1813இல் கிளம்பினார், திரும்பவே இல்லை. பாரிஸ், லண்டன், மாஸ்கோ, மறுபடி பாரிஸ். 1839இல் அங்கேயே மறைந்தார்.

அவர் கையில் இருந்த கிதார் மாறிவிட்டது. சோடிகள் போய் ஆறு ஒற்றைத் தந்திகள் வந்தன. அடிச்சுரம் தெளிவாயிற்று, சில்லறைச் சத்தம் போய்விட்டது. வீச்சும் கிட்டத்தட்டப் போய்விட்டது. சோரின் இசையில் நான்கு பேர் பேசிக்கொள்வது போலத் தனித்தனி இழைகள் ஓடும். மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ மெட்டுக்கு அவர் எழுதிய மாறுபாடுகள், ஓபஸ் 9, கிதார்க்காரர்கள் எல்லோரும் ஒருநாள் ஏறிப் பார்க்க வேண்டிய படி. கேட்பவர்களுக்கு ஓபஸ் 35இன் 22ஆம் பயிற்சி போதும். பி மைனரில் இரண்டு நிமிடம். கற்றுக்கொள்பவர்களுக்காக எழுதியது, ஆனால் இருபதாம் நூற்றாண்டின் கிதார் மேதை செகோவியா முதல் எல்லோரும் மேடையில் வாசித்திருக்கிறார்கள்.

1830இல் பாரிஸில் வெளியிட்ட கிதார்ப் பாடநூலில் சோர் ஒரு விஷயம் சொல்லித்தருகிறார். கொம்பு போல, எக்காளம் போல, ஓபோ போல, யாழ் போலக் கிதாரை ஒலிக்கச் செய்வது எப்படி. விரலை எங்கே வைக்க வேண்டும், தந்தியை எந்த இடத்தில் தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாக. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹார்ப்சிகார்டும் செல்லோவும் கிதார் வேஷம் கட்டின. இப்போது கிதார் ஆர்கெஸ்ட்ரா வேஷம் கட்டுகிறது.

அந்தப் பாரிஸ் நாட்களில் மாட்ரிட்டிலிருந்து தியோனீசியோ அகுவாதோ என்ற இன்னொரு கிதார்க் கலைஞர் வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே விடுதியில் தங்கினார்கள், நண்பர்களானார்கள். ஒத்துப்போகாத விஷயம் ஒன்று மட்டும் இருந்தது. சோர் விரல் சதையால் மீட்டுவார், நகம் படக் கூடாது. அகுவாதோவுக்கு நகம் வேண்டும், அந்தக் கூர்மை வேண்டும். சோர் இருவரும் சேர்ந்து வாசிக்க ஒரு உருப்படி எழுதினார், ஓபஸ் 41, ‘இரு நண்பர்கள்’. இரண்டு கிதார்களிலும் ஒரே மெட்டு மாறி மாறி வரும். எது சதை, எது நகம் என்று இயர்போன் போட்டுக்கொண்டு கண்டுபிடிக்கப் பாருங்கள். இன்று வாசிப்பவர்கள் பெரும்பாலும் இருவருமே நகம் வளர்த்தவர்கள்தான்.